மெயில் சர்வர் வைப்பவர்களே, ஐமேப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள்

சொந்தமாக மெயில் சர்வர் வைக்கிறவர்கள் முழு உழைப்பையும் அனுப்பும் பக்கத்தில்தான் கொட்டுகிறார்கள். அனுப்பியது உண்மையான ஆள்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள், ஸ்பாமில் விழுகிறதா, ஐபி பிளாக் ஆகிவிட்டதா என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். வந்த மெயிலை ஆட்கள் திறந்து படிக்கிற சேவையான ஐமேப்புக்கு மட்டும், எங்கோ கிடைத்த கான்ஃபிக்கை அப்படியே ஒட்டி, லாகின் ஆனதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். அனுப்பிய மெயில் திரும்பி வந்தால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். ஒருவரின் பல வருடக் கடிதங்கள் கிடக்கும் பெட்டிக்கான பாஸ்வேர்ட் வெளியே போனால் என்ன செய்வது?

முதலில் 143ஆம் போர்ட். அதில் இணைப்பு மறைகுறி இல்லாமல்தான் தொடங்கும், பிறகுதான் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளை மூலம் பாதுகாப்புக்கு மாறும். இந்த ஐமேப் சேவையை நடத்தும் மென்பொருள்தான் டவ்காட். "டவ்காட்டில் மறைகுறி இல்லாமல் வரும் பாஸ்வேர்டை மறுக்கும்படி வைத்திருக்கிறேனே, போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. சரியாக அமைக்காத ஒரு மெயில் ஆப், சர்வர் என்ன சொல்கிறது என்று பார்க்காமலேயே பாஸ்வேர்டை அனுப்பிவிடலாம். சர்வர் மறுக்கத்தான் செய்யும். ஆனால் மறுப்பதற்குள் அந்தப் பாஸ்வேர்ட் வழியெல்லாம் திறந்தபடி வந்து சேர்ந்திருக்கும். அதனால் டவ்காட் கான்ஃபிக்கின் ஐமேப் லிசனரில் போர்ட்டை 0 என்று வைத்து 143ஐ மூடிவிடுங்கள், முதலிலிருந்தே மறைகுறியோடு இயங்கும் 993 மட்டும் போதும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்வதும் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் மறைகுறி வேண்டும் என்பதைத்தான். மெயிலைத் தங்கள் மெஷினுக்கு இறக்கிக்கொள்ளும் முறையான பாப்3 யாருக்கும் தேவையில்லை என்றால் அதை இன்ஸ்டாலே செய்ய வேண்டாம். தேவைப்பட்டால் அதன் மறைகுறி போர்ட்டான 995 மட்டும்.

அடுத்தது மெயிலை எங்கே, எந்த வடிவில் வைப்பது என்பது. முதல் பயனரைச் சேர்க்கும் முன்பே முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. எம்பாக்ஸ் என்ற வடிவில் ஒரு ஃபோல்டர் முழுக்க ஒரே ஃபைல். நடுவில் ஒரு மெயிலை அழித்தாலும் அதற்குப் பின்னால் இருப்பதைத் திருப்பி எழுத வேண்டும், அதுவரை லாக். மெயில்டிர் என்ற வடிவில் ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். சர்வருக்குள் போய் ஒருமுறை நேரில் பாருங்கள்: புது மெயில் 'நியூ' என்ற டைரக்டரியில் இருக்கும். மெயில் ஆப் பெட்டியைத் திறந்ததும் 'கர்' டைரக்டரிக்கு நகரும். படித்துவிட்டால் ஃபைல் பெயரின் கடைசியில் 'எஸ்' ஒட்டிக்கொள்ளும், பதில் போட்டால் 'ஆர்'. படித்தாயிற்றா இல்லையா என்ற தகவல் ஃபைல் பெயரிலேயே இருக்கிறது! டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் கியூமெயில் என்ற மெயில் சர்வருக்காக யோசித்த இந்த எளிமை எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஆனால் எல்லாமே ஃபைல் பெயரில் இல்லை. வேறு மெஷினுக்கு மாற்றும்போது மெயில்களை மட்டும் காப்பி செய்து மெயில்களின் அடையாள எண்களைக் குறித்து வைத்திருக்கும் 'டவ்காட்-யூஐடிலிஸ்ட்' ஃபைலை விட்டுவிட்டால், ஒவ்வொருவரின் மெயில் ஆப்பும் தான் சேர்த்து வைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுப் பெட்டியையும் மறுபடி இறக்கும். சர்வரில் காப்பி விட்டு வைக்கும் பாப்3 பயனர்களுக்குப் பழைய மெயில் எல்லாம் புதிதாக வந்தது போல இரண்டாவது தடவை வரும். அதனால் டைரக்டரியை முழுசாக எடுங்கள்.

ஒட்டிய கான்ஃபிக்கை நம்பாதீர்கள். 'டவ்கான்ஃப் -என்' கட்டளையை ஓட்டினால், டீஃபால்ட்டிலிருந்து மாற்றியவை மட்டும் வரும். அதில் ஒவ்வொரு வரிக்கும் அது ஏன் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத வரியை எடுத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். 2025 ஜனவரியில் வந்த டவ்காட் 2.4 பதிப்போடு இந்தப் பழக்கம் கட்டாயமே ஆகிவிட்டது. மெயில் எங்கே, எந்த வடிவில் என்று சொல்லும் பழைய 'மெயில் லொகேஷன்' வரியை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், கான்ஃபிக் பதிப்பு எண்ணையும் முதலில் எழுதியாக வேண்டும். பழைய ஃபைலை மாற்றாமல் வைத்தால் சர்வீஸ் எழவே எழாது. அப்கிரேட் போடும் முன் படித்துவிடுங்கள்.

லாகின் தகராறு வந்தால் மெயில் ஆப்பை நோண்டிக்கொண்டிருக்காமல் 'டவ்அட்மின் ஆத் டெஸ்ட்' போட்டுப் பாருங்கள். பாஸ்வேர்ட் பக்கம் கோளாறா, நெட்வொர்க் பக்கமா என்று அங்கேயே பிரிந்துவிடும். டிஎல்எஸ் சர்டிபிகேட் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருந்தால், புதுப்பித்ததும் டவ்காட் ரீலோட் ஆகிற மாதிரி ஒரு ஹூக்கும் (தானாக ஓடும் கட்டளை) போட்டுவிடுங்கள். டிஸ்கில் புது சர்டிபிகேட் இருந்தாலும், ரீலோட் ஆகும்வரை டவ்காட் பழையதைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.