தலையில் பந்து பட்டு ரத்தம் வராவிட்டால் ஆபத்தில்லையா? தவறான தகவல்

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது: "கிரிக்கெட் பந்து தலையில் பட்டு ரத்தமும் இல்லை, ஒரு மணி நேரத்தில் வாந்தியும் இல்லை என்றால் பயமில்லை. எண்ணெய் தேய்த்துவிட்டு ஆடலாம்."

இது தவறு. மண்டை ஓட்டுக்குள் கசியும் ரத்தம் வெளியே தெரியாது. அறிகுறி பல மணி நேரம் கழித்தும் வரும். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் பீல்டிங் நின்ற இந்திய கிரிக்கெட் வீரர் ரமன் லம்பா, தலையில் பந்து பட்டபின் தானே நடந்துதான் மைதானத்தை விட்டுப் போனார். சில நாட்களில் இறந்தார். நம் பிள்ளைகள் ஆடும் வயல்வெளியில் ஹெல்மெட் ஏது?

அடிபட்டவர் அன்று மறுபடி ஆடவே கூடாது. டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் 24 மணி நேரம் தனியே விடாதீர்கள். தூங்கலாம்; ஆனால் எழுப்பினால் எழ வேண்டும். தலைவலி கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல ஒழுகுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான்.

சந்தேகம் இருந்தால் சுகாதார உதவி எண்ணில், கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104-இல் கேளுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.