சிரிக்கிற பொம்மையோடு எப்படிச் சண்டை போடுவது?

ஜூன் மாதம் பிறந்தால் ஜப்பானில் குடியிருப்பு வரி உறை வீடு தேடி வந்துவிடும். போன வருஷச் சம்பாத்தியத்துக்கு இந்த வருஷம் கட்ட வேண்டிய வரி. நடுவில் வேலையே போயிருந்தாலும் கணக்கு என்னவோ போன வருஷக் கணக்குதான். தொகையைப் பார்த்து வயிறு எரிகிற நேரத்தில், காகிதத்தின் மூலையில் கன்னம் சிவந்த நாய்க்குட்டி ஒன்று கையாட்டிச் சிரிக்கிறது. எங்கள் வட்டார அலுவலகத்தின் சின்னமாம். பணம் கேட்கிறாயா, கேள், கட்டித் தொலைக்கிறேன். அதை ஏன் கொஞ்சிக்கொண்டே கேட்கிறாய்?

இங்கே கொஞ்சாத இடமே கிடையாது. சாலையைத் தோண்டினால் தடுப்புக் குழாய்களைத் தாங்கி நிற்பவை பிளாஸ்டிக் தவளைகளும் முயல்களும். டோக்கியோ காவல்துறைக்கு 1987 முதல் பீப்போ-குன் என்று ஆன்டெனா வைத்த ஒரு பொம்மை. போகட்டும், போலீஸ் குழந்தைகளோடும் பழக வேண்டும். சிறைச்சாலைக்கு எதற்கு? ஹொக்கைடோவில் அசாஹிகாவா சிறைக்குக்கூட, தலையில் ஊதாப்பூ வைத்த பொம்மை இருக்கிறது!

வியாபாரிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1974-இல் பிறந்த ஹலோ கிட்டியை இன்றுவரை பேனாவிலும் பையிலும் ஒட்டி விற்கிறார்கள், அது அவர்கள் பிழைப்பு. குமாமோன் கரடியையும் விட்டுவிடலாம். கியூஷு புல்லட் ரயில் 2011-இல் முழுப் பாதையிலும் ஓடத் தொடங்கும் முன்பே, பயணிகள் குமாமோட்டோவில் இறங்காமல் போய்விடுவார்களோ என்று பயந்து உருவாக்கிய கரடி அது. வேலையை ஒழுங்காகச் செய்தது.

என் எரிச்சலெல்லாம் அதிகாரத்தில் இருப்பவன் பொம்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்தான். உர்ரென்று ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தால் ‘ஏன், எதற்கு’ என்று கேட்கலாம். நாய்க்குட்டியிடம் என்ன கேட்பது? குரலை உயர்த்தினால் நான்தான் அநாகரிகமானவன் ஆகிவிடுகிறேன்.

இது வெறும் வரிக் காகிதத்தோடு நின்றிருந்தால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பேன். 1990-களில் அரசின் அணு எரிபொருள் நிறுவனம் ஒரு கார்ட்டூன் எடுத்தது. கதாநாயகன் புளூட்டோ-குன், அதாவது புளூட்டோனியம்! அது கலந்த தண்ணீரை ஒரு பையன் குடிப்பதுபோலக் காட்டி, பயப்பட வேண்டாம் என்று அந்தச் சுட்டிப்பயல் சமாதானம் சொல்கிறான். யாருக்காவது புத்தி வந்ததா? 2021 ஏப்ரல் 13 அன்று, ஃபுகுஷிமா அணு உலையில் சுத்திகரித்துச் சேமித்த நீரைக் கடலில் விடுவதாக அரசு முடிவெடுத்தது. கூடவே மறுசீரமைப்பு முகமை ஒரு துண்டறிக்கை வெளியிட்டது. அதில், அந்த நீரில் மிச்சமிருக்கும் கதிரியக்கப் பொருளான டிரிட்டியம் ஒரு குட்டிப் பொம்மையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறது. 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு பத்து வருஷமாக மீனை விற்க முடியாமல் திண்டாடிய மீனவனுக்கு அரசு அனுப்பிய பதில் அது. திட்டு விழுந்த வேகத்தில் மறுநாளே எடுத்துவிட்டார்கள். ஆனால் அது அச்சாகும்வரை அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட ‘ஐயா, இது வேண்டாம்’ என்று சொல்லவில்லையா?

சாதாரண வீடுகளில் இந்தப் பாரம் பெண்கள் தலையில் விழுகிறது. மழலையர் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவில் சோறு இருந்தால் போதாது, அந்தச் சோறு பாண்டாவாக இருக்க வேண்டும். விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கடற்பாசித் தாளில் பாண்டாவுக்குக் கண் வெட்டுகிற வேலை அம்மாவுக்கு. அப்பாக்கள் வெட்டுகிறார்களா? அரிது. அலுவலகத்தில் தொலைபேசி எடுத்தால் குரலை ஒரு கட்டை ஏற்றிக் குழைய வேண்டியவளும் அவள்தான்.

ஜப்பானியர்களுக்கே சில சமயம் திகட்டுகிறது. ஒசாகா மாகாண அரசில் துறைக்கொரு பொம்மை என்று டஜன் கணக்கில் பெருகி, 2014-இல் களையெடுக்க இறங்கினார்கள். அப்பாடா என்று நினைத்தால், மிச்சமிருக்கும் பொம்மைகளுக்குத் தலைமை தாங்க மோசுயான் என்று ஒரு பறவைப் பொம்மையைப் போட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்திருக்கும் பதவி, மக்கள் தொடர்புக்கான துணை ஆளுநர்!