முதலில் திட்டுவதை நிறுத்துவோம்

ஊரில் யாருக்காவது செல்போன் வழியாகப் பணம் போய்விட்டது என்று கேள்விப்பட்டால் நம் வாயிலிருந்து முதலில் வருவது என்ன? "படித்துப் படித்துச் சொன்னேனே, எதற்கு அதைத் தொட்டாய்?" மகன் அம்மாவைக் கேட்கிறான். கணவன் மனைவியைக் கேட்கிறான். அண்ணன் தங்கையைக் கேட்கிறான். திருடனுக்கு நாம் செய்யும் மிகப் பெரிய உதவி இந்தக் கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

களவு போன பணம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. முதலில் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும் வாடகைக் கணக்குக்குப் போகும். அங்கிருந்து துண்டு துண்டாகப் பிரிந்து வேறு வேறு கணக்குகளுக்கு ஓடும். கடைசியில் எங்கோ ஒரு ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடும். அதன்பிறகு மீட்பது மிகக் கடினம். அதற்கு முன்பே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டால், சைபர் குற்றப்பிரிவு போலீசார் விவரத்தைப் பதிவு செய்வார்கள். வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்க முடியும். இந்த ஏற்பாடு 2021-இல் வந்தது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த நேரத்தில் நம் வீட்டு அம்மா என்ன செய்கிறார்? மகன் திட்டுவானே என்று பயந்து, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அழித்துவிட்டு, சாயங்காலம் வரை யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். 100 நாள் வேலைக் கூலியிலும் மகளிர் உரிமைத்தொகையிலும் மிச்சம் பிடித்த பணம் அது. அழித்த செய்தியில்தான் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண் இருந்திருக்கும். 1930-இல் அதைத்தான் கேட்பார்கள்.

அடுத்து, செல்போனில் பணம் அனுப்பும்போது அழுத்தும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே என்கிறோம். பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ சந்தை நாளில் ஒரு மளிகைக் கடை முன்னால் நின்று பாருங்கள். ஒரு அம்மா சுருக்குப்பையிலிருந்து செல்போனை எடுத்துக் கடைப் பையனிடம் நீட்டுகிறார். அவன் அதைக் கியூஆர் ஸ்டிக்கர் மேல் பிடித்துத் தொகையைத் தட்டுகிறான். "நம்பர் என்னங்க அம்மா?" என்கிறான். அவர் நான்கு எண்களையும் பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார். இருவர் மனதிலும் களங்கம் இல்லை. எண்ணைப் போட்டுக் கொடுத்தவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் மகன். பொங்கலுக்கு வந்தபோது அவசரமாகச் செயலியை ஏற்றிக் கொடுத்து, செல்போன் உறைக்குள் ஒரு சீட்டில் எண்ணை எழுதி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். சீட்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தர்மபுரி: 68.5 சதவீதம். கிருஷ்ணகிரி 71.5 சதவீதம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு. இப்படிப்பட்ட இடத்தில் ஆங்கிலத் திரையைக் கையில் கொடுத்துவிட்டுக் கவனமாக இரு என்றால், அந்த மனுஷி எதைக் கவனிப்பார்? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். பணம் அனுப்பும் செயலிகள் பலவற்றில் திரையைத் தமிழுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. அதை முதலில் செய்யுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்கும் எண் தெரியும். தக்காளிக் கூடைக்கு மண்டியில் கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள் அவர்கள். அவர்கள் விரலாலேயே திரும்பத் திரும்ப அழுத்தவைத்தால் கடைப் பையனின் உதவி தேவைப்படாது. அழுத்தும்போதே ஒன்றை மனதில் பதியவைக்கலாம்: நம்மிடமிருந்து பணம் போவதற்குத்தான் இந்த எண், பணம் வருவதற்கு இது எந்தக் காலத்திலும் வேண்டாம். "உங்களுக்குத் தொகை வந்திருக்கிறது, எண்ணை அழுத்தி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்.

மாங்காய் விற்ற பணமும் நகைக் கடன் பணமும் இருக்கும் கணக்கை அந்தச் செயலியில் சேர்க்கவே வேண்டாம். செலவுக்கென்று தனியாக ஒரு கணக்கு, அதில் வாரச் செலவுக்கான பணம் மட்டும் போதும்.

இப்போது பரவலாக நடக்கும் இன்னொரு மோசடியில் யாரும் எதையும் கேட்பதே இல்லை. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். கல்யாணப் பத்திரிகை என்றோ, விவசாயிகள் உதவித்தொகைப் பட்டியல் என்றோ, வண்டிக்கு அபராதம் என்றோ பெயர் இருக்கும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று மூன்று ஆங்கில எழுத்துகள். பத்திரிகை என்று நினைத்துத் தொட்டால் ஒரு செயலி உள்ளே இறங்கும். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி நமக்கு வரும்போதே அவனுக்கும் போய்விடும். பிறகு நம் எண்ணிலிருந்து நம் சொந்தபந்தம் எல்லோருக்கும் அதே பத்திரிகை போகும். ஓடிபி சொல்லாதே என்ற பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கூட இதில் மாட்டிக்கொள்வார். உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். எதையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லாது. தெரியாமல் ஏற்றிவிட்டால் அந்தச் செல்போனில் இணையத்தை அணைத்து, சிம்மைக் கழற்றி, வேறு செல்போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் பேசுங்கள்.

போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பிலேயே உங்களைக் கைது செய்துவிட்டோம் என்று மிரட்டுகிறார்களே, அந்த "டிஜிட்டல் கைது" என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் அதைச் சொல்லிவிட்டார். வீடியோ அழைப்பில் சீருடையோடு யார் வந்து மிரட்டினாலும் துண்டித்துவிடலாம்.

எனக்கு அதிகம் வலிப்பது பெண்பிள்ளைகள் விஷயம். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டு விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள். சில ஆயிரம் ரூபாய் அவசரத்துக்குக் கடன் செயலி ஒன்றை ஏற்றுகிறார்கள். அது செல்போனில் உள்ள எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்கிறது. கட்டி முடித்த பிறகும் இன்னும் கட்டு என்கிறார்கள். மறுத்தால் முகத்தை வேறு உடலோடு ஒட்டிய படத்தைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவோம் என்கிறார்கள். அந்தப் பெண் வீட்டில் சொன்னால் என்ன ஆகும்? செல்போன் பிடுங்கப்படும். வேலையும் படிப்பும் நிற்கும். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை என்பது நமக்குத் தெரியாததா? மிரட்டுகிறவனுக்கு அது நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தை நம்பித்தான் அவன் தொழில் நடக்கிறது.

ஆகவே பெற்றோரே, எதுவும் நடக்காத ஒரு நல்ல நாளில் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எது நடந்தாலும் என்னிடம் சொல். உன் படிப்பை நிறுத்தமாட்டேன்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. அவன் அனுப்பியதை அழிக்கவும் கூடாது, அதுதான் சான்று. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம். கூடவே நீங்கள் போங்கள்.

வங்கியிலும் இதே திட்டுதான் கிடைக்கிறது. "நீங்கள்தானே எண்ணைக் கொடுத்தீர்கள்" என்று ஒரு கிளையில் சொல்லி, புகார் மனுவை வாங்காமலேயே ஒரு பெரியவரை அனுப்பிவிட்டதை நேரில் பார்த்தேன். ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதி வேறு சொல்கிறது. வாடிக்கையாளர் கவனக்குறைவாக இருந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் புகாரை எழுதிக் கொடுத்து, தேதியும் முத்திரையும் போட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

இதையெல்லாம் எங்கே வைத்துச் சொல்லித்தருவது? பதாகை பிடித்து ஊர்வலம் போய்ப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலில் தொடங்கியது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரியும் அப்போது அதில்தான் இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையெழுத்துப் போடவும், வங்கி மேலாளர் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசவும் கற்றது அந்தக் கூட்டங்களில். யாருக்குத் தவணை தவறியது, ஏன் தவறியது என்று பெண்கள் பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் இடம் நம் கிராமங்களில் அதைப்போல வேறில்லை. "எனக்கும் அந்த அழைப்பு வந்தது அக்கா" என்று அங்கே ஒருத்தி சொன்னால் அடுத்த நிமிடமே இன்னும் சிலர் வாய் திறப்பார்கள்.

குழுத் தலைவிகளுக்கும் கணக்கு எழுதும் தங்கைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். சேமிப்புப் பணம் வாங்கி முடித்ததும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். 1930 என்பதை ஒவ்வொருவர் பாஸ்புக் அட்டையின் உள்பக்கமும் பெரிதாக எழுதுங்கள். ஒருவர் திருடனாக நடித்து அழைக்கட்டும், இன்னொருவர் பதில் சொல்லட்டும். குறுஞ்செய்தியில் 12 இலக்க எண்ணைக் கண்டுபிடிக்கப் பழக்குங்கள். உறைக்குள் இருக்கும் சீட்டுகளைக் கிழித்து, புது எண்ணை அவரவரே போடவையுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லித்தரக்கூடியவர்கள் வேண்டும். வர முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அருகில் உள்ள குழுவோடு இணைத்துவிடுகிறேன்.