குக்சோனியாவுக்கு முன்னால் நான்கு கோடி ஆண்டுகள்

நிலத்தில் முளைத்த முதல் செடி எது என்று கேட்டால், யூடியூப் முதல் பள்ளி சார்ட் வரை குக்சோனியா படத்தைத்தான் நீட்டுகிறார்கள். சில சென்டிமீட்டர் உயரம், இலை கிடையாது, கவைகவையாகப் பிரிந்த தண்டு, நுனியில் ஸ்போர் பை (விதைக்குப் பதிலாகச் செடி உதிர்க்கும் நுண்ணிய இனப்பெருக்கத் துகள்தான் ஸ்போர்). அயர்லாந்தில் கிடைத்த அதன் புதைபடிவத்துக்கு வயது சுமார் 43 கோடி ஆண்டு. வரைவதற்கு லட்சணமான செடிதான். ஆனால் கதையை அங்கே தொடங்குவது அநியாயம் என்பது என் கட்சி.

அர்ஜென்டினாவின் படிவுப் பாறைகளில் 47 கோடி ஆண்டு பழைய ஸ்போர்கள் இருப்பதாக 2010இல் அறிவித்தார்கள். இடையில் நான்கு கோடி ஆண்டு! டைனோசர்கள் ஒழிந்தே ஆறரைக் கோடி ஆண்டுதான் ஆகிறது.

இந்த ஸ்போரை எடுக்கும் விதமே ஒரு கூத்து. பாறையை நொறுக்கி ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போடுகிறார்கள். கண்ணாடியையே தின்னும் அமிலம் என்பதால் பிளாஸ்டிக் பாத்திரம்தான். மணல், களிமண் எல்லாம் கரைந்துபோகும்; ஸ்போரின் மேலுறையை மட்டும் அதனால் அசைக்க முடியாது. உறையிலுள்ள ஸ்போரோபோலெனின் என்ற பொருள் அவ்வளவு கெட்டி. மிஞ்சிய பழுப்புத் தூளை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், முடியின் தடிமன்கூட இல்லாத உருண்டைகள் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டு நிற்கும். பாறை அதிகம் சூடாகாமல் இருந்தால் ஸ்போர் மஞ்சள், சூடேற ஏறப் பழுப்பு, கடைசியில் கறுப்பு. எண்ணெய் தேடுபவர்கள் இந்த நிறத்தைப் பார்த்தே பூமிக்கடியில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று கணிக்கிறார்கள்.

நான்கு என்பதுதான் விஷயமே. குன்றல் பகுப்பில், அதாவது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவில், ஒரு தாய்ச் செல் நான்காகும். அந்த நான்குக்கும் கெட்டி உறை போட்டு அனுப்புவது நிலத்தாவர வேலை. இன்றும் பாசி மாதிரி தரையில் படரும் சின்னச் செடிகளான லிவர்வோர்ட்களில் சில நான்கையும் பிரிக்காமலே உதிர்க்கின்றன. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜேன் கிரே, இந்த நாலு உருண்டைகள் நிலத்தாவரங்களுடையவை என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார். "செடி எங்கே?" என்று கேட்டவர்களுக்கு 2003இல்தான் ஓரளவு பதில் கிடைத்தது: ஓமானின் ஆர்டோவிசியன் பாறையில் (சுமார் 48.5 முதல் 44.5 கோடி ஆண்டு முன்பான காலம்), உள்ளே ஸ்போர் அடைந்துகிடக்கும் பைத் துணுக்குகள். மரக்கட்டை இல்லாத மென்மையான செடி அதற்குமேல் எதைத்தான் விட்டுவைக்கும்?

சந்தேகப்பட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. தூள் ஏமாற்றும். தொல்தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னி மாதிரி மேதையே 1940களில் பஞ்சாப் உப்புமலையின் உப்பில் கிடைத்த தாவரத் துணுக்குகளை நம்பி, அந்த உப்பு இயோசீன் காலத்தது, அதாவது சுமார் ஐந்து கோடி ஆண்டு பழையது என்று வாதாடினார். அதன் வயது ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேல் என்பது இன்றைய முடிவு. துணுக்குகள் வெளியிலிருந்து வந்து கலந்தவை. ஆனால் ஆர்டோவிசியன் ஸ்போர் கதை வேறு. அதே நாலு உருண்டை அர்ஜென்டினாவிலும் அரேபியாவிலும் ஐரோப்பாவிலும் கிடைக்கிறது. இத்தனை இடத்திலும் ஒரே மாதிரி கலப்படமா?

2021இல் ஆஸ்திரேலியாவிலிருந்து 48 கோடி ஆண்டு பழையவை வந்தன. ஒழுங்கான நான்காகக்கூட இல்லாமல் கோணல்மாணலான கொத்துகளும் அவற்றில் உண்டு. ஆய்வாளர் பால் ஸ்ட்ரோதரின் வாதம்: ஸ்போர் முதலில் வந்தது, செடி என்ற உடம்பு பிறகுதான் சேர்ந்தது. அவர் சொல்வது சரியென்றால் குக்சோனியா இன்னும் பின்வரிசைக்குத்தான் போகும்.

ஆகவே, அடுத்த தடவை யாராவது "உலகின் முதல் செடி" என்று அந்தப் படத்தைப் பகிர்ந்தால் கமெண்டில் வந்து சண்டை போடுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.