யாரும் கால் வைக்காத காடுன்னு எழுதாதீங்க

ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அந்த வீடியோவைப் பத்திப் பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன். லிங்க் போடல. பாதிப் பேரு ஏற்கெனவே ஷேர் பண்ணிட்டீங்க, மீதிப் பேரு எனக்கு இன்பாக்ஸ்ல அனுப்பிட்டீங்க. வீட்டுல உக்காந்து கூகுள் எர்த்ல ஒரு காட்டையே கண்டுபிடிச்ச மனுஷன், மனுஷக் காலடியே படாத காடு, இனிமே சேட்டலைட் இருந்தா போதும், யாரும் காட்டுக்குள்ள போய் அவதிப்பட வேணாம். இதுதான் மொத்த வீடியோவும். கீழ நான் போட்டது ரெண்டே வரி. அந்தக் காட்டுல போர் நடந்தப்ப ஜனங்க போய் ஒளிஞ்சிருந்தாங்க, "காலடியே படாத"ங்கிற வார்த்தையை மட்டும் மாத்துங்கன்னு. மரியாதையாத்தான் சொன்னேன். அதுக்கு வந்த பதிலை நீங்களே பாத்தீங்க. வயித்தெரிச்சல், பழைய காலத்து ஆளு, டெக்னாலஜின்னா பயம். என்னைப் பத்தித் தெரிஞ்சவங்களும் அதுக்கு ஹாஹா போட்டிருந்தீங்க. அது வலிச்சுது, மறைக்க விரும்பல.

சரி, விஷயத்துக்கு வரேன். அது மொசாம்பிக் நாட்டுல இருக்கிற மாபு மலைக்காடு. ஜூலியன் பேலிஸ்ங்கிற விஞ்ஞானி 2005ல கூகுள் எர்த்ல பாத்தது உண்மை. ஆனா அவரு பொழுதுபோகாம மேப்பைத் தேச்சுக்கிட்டு இருந்தவர் இல்ல. பக்கத்து நாடான மலாவியில முலாஞ்சே மலையில வேலை பாத்தவரு. அந்தப் பக்கத்துல சமவெளியிலேர்ந்து தனித்தனியா எந்திரிச்சு நிக்கிற மலைங்க உண்டு. இவ்வளவு உயரம் இருந்தா மேகம் தட்டும், மேகம் தட்டினா மழைக்காடு இருக்கும்னு அவருக்குக் கால் தேஞ்ச அனுபவத்துல தெரியும். எதைத் தேடணும்னு தெரிஞ்ச கண்ணு அது. அந்தக் கண்ணு இல்லாம அதே படத்தை எத்தனை லட்சம் பேரு பாத்திருப்பாங்க, அவங்களுக்கு அது ஒரு பச்சைத் திட்டு, அவ்வளவுதான்.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னு வீடியோவுல ஒரு வரி கூட இல்ல. அந்த வருஷமே அவரு நேர்ல போய்ப் பாத்தாரு. 2008ல பெரிய குழுவா போனாங்க, விஞ்ஞானிகளும் கூட இருந்தவங்களுமா 28 பேரு, சுமை தூக்க 70 பேரு. 70 பேரு! அடிவாரத்துல கைவிட்ட தேயிலைத் தோட்டம் இருந்துச்சு, அங்கதான் முகாம். தேயிலை போட்டவங்க இருந்த மலை, உள்நாட்டுப் போர்ல ஜனங்க உயிரைக் காப்பாத்திக்க ஓடிப்போன காடு, அதுக்குப் பேரு காலடி படாத காடா? வெளியூர் விஞ்ஞானிங்க போகாத காடுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். சுமார் 7,000 ஹெக்டேர் மழைக்காடு, அது ஆராய்ச்சி உலகத்துக்குத் தெரியாம இருந்துச்சுன்னு சொல்லுங்க, அதுவே பெரிய விஷயம்தானே, அதுக்கு மேல எதுக்கு ஒரு பொய்?

அந்தக் காட்டுலேர்ந்து புது விரியன் பாம்பு வந்துச்சு, அதுக்கு மலையோட பேரையே வெச்சாங்க. குட்டிப் பச்சோந்தி வந்துச்சு, விரல் நீளம்தான் இருக்கும். வவ்வால், வண்ணத்துப்பூச்சி எல்லாம் வந்துச்சு. இதுல ஒண்ணாவது படத்துல தெரிஞ்சுதா? லேண்ட்சாட்ங்கிற சேட்டலைட்டோட படத்துல ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளின்னா, தரையில 30 மீட்டருக்கு 30 மீட்டர். சென்டினல்-2ங்கிற இன்னொரு சேட்டலைட்ல 10 மீட்டர். ஒரு வீடு முழுங்கிப் போற கட்டத்துக்குள்ள விரல் நீளப் பச்சோந்தியை எங்க தேடுவீங்க? ராத்திரி டார்ச் அடிச்சு இலை இலையாப் பாக்குறவன் கண்ணுக்குத்தான் அது தெரியும். சேட்டலைட் இடத்தைக் காட்டும். உயிரினத்தைக் காட்டாது. திரும்பத் திரும்பச் சொல்றேன்னு கோபப்படாதீங்க, இது புரியாமத்தான் இவ்வளவும் நடக்குது.

இதை நான் எங்கேயோ படிச்சுட்டுச் சொல்லல. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு மலைப் பகுதியோட சேட்டலைட் படத்துல காடு எது, மத்தது எதுன்னு பிரிக்கிற வேலை எனக்கு. ஒரு சரிவுல கரும்பச்சையா, வருஷம் பூரா காயாத ஒரு திட்டு. கம்ப்யூட்டரும் அடர்ந்த காடுன்னு சொல்லுச்சு, நானும் அப்படியே குறிச்சேன். யாரும் பாக்காத பழைய காடு சிக்கிருச்சுன்னு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் வழிகாட்டியா வந்த அண்ணன் கூட அரை நாள் ஏறினோம். போய் நின்னா எல்லா மரமும் ஒரே தடிமன், ஒரே வரிசை, கயிறு கட்டி நட்ட மாதிரி. தரையில சருகு மட்டும்தான், ஒரு செடி இல்ல, ஒரு குருவிச் சத்தம் இல்ல. நட்டு வளர்த்த தோப்பு. அண்ணன்கிட்ட "இது எப்ப நட்டதுண்ணே"ன்னு கேட்டேன். வருஷத்தோட சொன்னாரு, அவங்க அப்பாவே குழி வெட்டக் கூலிக்குப் போயிருக்காரு. முந்தின நாள் ராத்திரி அவரு பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான் கேக்கல, ஏன்னா என்கிட்ட படம் இருக்கே. இறங்குறப்ப ஓடை ஓரமா ஒரு சின்னத் துண்டு நிஜக் காட்டைக் காட்டினாரு, பாறை பூரா பாசி, கையை வெச்சா சில்லுன்னு ஈரம், மூணு வகைத் தவளைச் சத்தத்தைத் தனித்தனியா எனக்குப் பிரிச்சுச் சொன்னாரு. என் படத்துல அந்த இடம் ரெண்டே பிக்சல், அதையும் நிழல்னு ஒதுக்கி வெச்சிருந்தேன்.

"அப்ப சேட்டலைட்டே வேணாங்கிறீங்களா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. எங்க சொன்னேன்? தினம் எட்டு மணி நேரம் அதைப் பாத்துச் சம்பளம் வாங்குறவன் நான். 2008ல லேண்ட்சாட் படங்களை இலவசமாத் திறந்துவிட்ட அன்னிலேர்ந்து பணம் இல்லாத நாட்டு மாணவனும் தன் காட்டைப் பாக்க முடியுது, அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். எனக்கே போய் டெக்னாலஜி புரியாதுன்னு சொல்றீங்க.

இன்னொருத்தர் "பெங்குவினைச் சேட்டலைட்லேர்ந்தே கண்டுபிடிச்சாங்களே"ன்னு கேட்டாரு. நல்ல கேள்வி. அன்டார்டிகாவுல எம்பரர் பெங்குவின் மாசக்கணக்குல ஒரே பனிப்பரப்புல நிக்கும், அதோட எச்சம் வெள்ளைப் பனியில பழுப்புக் கறையாத் தெரியும், அதை வெச்சே யாரும் போகாத கூட்டங்களைக் கண்டுபிடிச்சாங்க, 2012ல 46 கூட்டம், சுமார் 5,95,000 பறவைன்னு எண்ணியே சொன்னாங்க. அங்க சேட்டலைட்தான் ஹீரோ, முழுசா ஒத்துக்கறேன். ஆனா அது ஏற்கெனவே தெரிஞ்ச பறவைங்க, வெள்ளைத் தரையில நிக்குது. எண்ணிக்கை சரியான்னு பாக்கக்கூட சில இடத்துல தரையிலேர்ந்து எண்ணின கணக்கு வேண்டியிருந்துச்சு. மழைக்காட்டுல மரக் கூரைக்குக் கீழ, இலை மடிப்புக்குள்ள இருக்கிற, இன்னும் பேரே வைக்காத உயிருக்கு இதைக் கொண்டு வந்து பொருத்தாதீங்க.

மடகாஸ்கர் கதை இதைவிடப் பொருத்தம், அதை யாருமே எடுக்கல. 2003ல நேச்சர் பத்திரிகையில வந்துச்சு. மியூசியத்துல இருந்த பழைய பச்சோந்தி மாதிரிகளோட இடக் குறிப்பையும் சேட்டலைட் தகவலையும் சேத்து, எந்த வகை எங்கெங்க இருக்கும்னு மாடல் போட்டாங்க. மாடல் இருக்கும்னு சொன்ன சில இடத்துல அந்த வகைங்க இல்ல. ஆனா அந்த மாதிரி இடங்கள்ல தேடினப்ப 7 புது வகைப் பச்சோந்தி கிடைச்சுது! கம்ப்யூட்டர் கணக்கு பிசகின இடத்துல மனுஷன் போய் நின்னதால வந்த கண்டுபிடிப்பு அது. அந்தப் பழைய மாதிரிகளை யாரோ ஒரு காலத்துல நடந்து போய்ப் பிடிச்சு, பாட்டில்ல போட்டு, லேபிள்ல இடமும் தேதியும் எழுதி வெச்சிருக்கலன்னா மாடலுக்கே சோறு கிடையாது.

எனக்கு உண்மையில நெஞ்சு கனக்குறது இங்கதான். படிக்கிறப்ப எங்க மேடம்கூட ஹெர்பேரியத்துல, அதான் காய வெச்ச செடிங்களைச் சேத்து வைக்கிற அறையில, உக்காந்திருக்கேன். காட்டுலேர்ந்து கொண்டு வந்த செடியை நியூஸ்பேப்பர் நடுவுல வெச்சு அழுத்தி, தினமும் பேப்பர் மாத்தணும், ஒரு நாள் விட்டா பூஞ்சை பிடிச்சுரும். அலமாரியில முப்பது வருஷத்துக்கு முந்தி யாரோ சேகரிச்ச ஷீட்டுங்க, பேரினம் மட்டும் எழுதி பக்கத்துல காலி இடம். மேடம் அதுலேர்ந்து காஞ்ச பூ ஒண்ணை எடுத்து, சின்னக் கிண்ணத்துல வெந்நீர்ல போட்டு, அது இளகி விரியுற வரைக்கும் மூச்சுக்கூட விடாமப் பாத்துட்டே இருப்பாங்க. அப்புறம் மைக்ராஸ்கோப்புக்குக் கீழ ஊசியால இதழை ஒதுக்கி மகரந்தக் கேசரத்தை எண்ணுவாங்க. பழைய வர்ணனையோட ஒப்பிடுவாங்க. சரியா இல்லன்னா மறுபடியும் முதல்லேர்ந்து. ஒரு உயிரினம் கைக்குக் கிடைச்சு, அதுக்குப் பேரு வெச்சு வெளியாக சராசரி 21 வருஷம் ஆகுதுன்னு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. 21 வருஷம்! உலகத்துல சுமார் 87 லட்சம் வகை இருக்கலாம், பதிவானது 12 லட்சம்தான்னு 2011ல மதிப்பிட்டாங்க. பாக்கியை யாரு செய்யப் போறா? எங்க மேடம் ரிட்டயர் ஆனப்ப அந்த இடத்துக்கு வேற ஆளே போடல. அந்த அறையை இப்ப கம்ப்யூட்டர் லேபா மாத்திட்டாங்க. வகைப்பாட்டியல், அதாவது உயிரினங்களை வகை பிரிச்சுப் பேரு வைக்கிற இந்தப் படிப்பு, படிக்கிறேன்னு வர்ற பிள்ளைங்ககிட்ட "இதுக்கு ஸ்கோப் இல்ல, சேட்டலைட் படம் பாக்குற ரிமோட் சென்சிங் எடு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அந்த வீடியோ பத்து லட்சம் வியூ தாண்டி அதையேதான் சொல்லுது. எனக்குக் கோபம் வராம என்ன பண்ணும்?

இன்னொண்ணு. அந்த வீடியோவோட கமெண்ட்ல "நானும் ஒண்ணு கண்டுபிடிச்சேன்"னு மேப்ல அந்த இடத்தோட கோஆர்டினேட் போட்டு வெச்சிருக்கீங்க, பத்து இருபது பேரு. தயவுசெஞ்சு எடுங்க. சீனாவுல ஒரு பல்லி வகையை 1999ல ஆராய்ச்சிக் கட்டுரையில வெளியிட்டாங்க, இடத்தோட. வளர்க்குறதுக்குப் பிடிச்சு விக்கிறவங்க அந்த இடத்துக்கே போய், அங்க ஒண்ணு இல்லாம அள்ளிட்டாங்க. நல்ல எண்ணத்துல எழுதின ஒரு இடக் குறிப்பு அது.

"இவ்வளவு பேசுற, மனுஷன் போகாத இடம் ஒண்ணுகூட இல்லையா"ன்னும் கேட்டாங்க. அதே பேலிஸ் 2012ல கூகுள் எர்த்ல இன்னொரு மலையைப் பாத்தாரு, லிகோ மலை. சுத்தியும் சுவர் மாதிரி பாறை, சுமார் 125 மீட்டர், உச்சியில காடு. 2018ல பாறை ஏறுற நிபுணருங்க கயிறு போட்டுத்தான் மத்தவங்களை ஏத்தினாங்க. இதாவது யாரும் தொடாததா இருக்கும்னு நினைச்சிருப்பாங்க. மேல ஓடை பொறக்குற இடத்துல மண்பானைங்க இருந்துச்சு. யாரோ எப்பவோ ஏறிப் போய், பத்திரமா வெச்சுட்டு வந்த பானைங்க.

வீடியோ போட்ட தம்பிக்கு: உங்க மேல எனக்கு எந்தப் பகையும் இல்ல. எடிட்டிங் நல்லா இருந்துச்சு, நெறையப் பிள்ளைங்களுக்கு ஆர்வம் வந்திருக்கும். வீடியோவை எடுக்கச் சொல்லல. தலைப்புல இருக்கிற "காலடியே படாத"வை மட்டும் மாத்துங்க, டிஸ்கிரிப்ஷன்ல அந்த 70 பேரைப் பத்தி ஒரு வரி சேருங்க. ஞாயித்துக்கிழமையும் இதைத்தான் கேட்டேன்.