லுப்னா உசேனுக்குக் கசையடி விழவில்லை

கால்சட்டை அணிந்ததற்காகச் சூடான் பத்திரிகையாளர் லுப்னா அகமது அல்-உசேனுக்கு 40 கசையடி கொடுக்கப்பட்டதாக ஒரு பதிவு பகிரப்படுகிறது. அது தவறு. 40 என்பது, அநாகரிக உடைக்குத் தண்டனை தரும் சூடான் குற்றவியல் சட்டத்தின் 152-ஆம் பிரிவு அனுமதித்த அதிகபட்ச அடி. 2009 ஜூலையில் சூடான் தலைநகர் கார்ட்டூமின் உணவகம் ஒன்றில் கைதானபோது அவர் ஐ.நா. பணியில் இருந்தார். அந்தப் பணி தந்த சட்டப் பாதுகாப்பு வேண்டாமென்று வேலையையே துறந்து விசாரணையைச் சந்தித்தார். எத்தகைய துணிச்சல்! செப்டம்பரில் நீதிமன்றம் 500 சூடான் பவுண்டு அபராதம் மட்டுமே விதித்தது. கட்ட மறுத்துச் சிறை சென்றார். பத்திரிகையாளர் சங்கம் பணம் கட்டியதால் மறுநாள் விடுதலையானார். உண்மையில் அடி வாங்கியவர்கள் அவருடன் கைதான பெண்கள்: குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்குத் தலா 10 கசையடி. பகிரப்படும் பதிவில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.