ஷட்டரைத் திறக்குமுன் ஒரு வார்த்தை

பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறக்கும்போது திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுகிறார்கள். குழித்துறை ஆற்றங்கரைக்காரர்களுக்கு எச்சரிக்கை போகிறது. நீர்மட்டம் ஏறினால் திறக்கத்தான் வேண்டும், அதில் யாருக்கும் சண்டையில்லை. கீழே இருப்பவனிடம் சொல்லிவிட்டுத் திற, அவ்வளவுதான். ஒருவர் நிரல் இன்னொருவர் சேவையைக் கூப்பிட்டு வேலை வாங்கும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். அதை விற்கும் கம்பெனிகள் பலவற்றுக்கு இந்த மரியாதை தெரியவில்லை.

நாகர்கோவிலில் சின்ன அளவில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். தோவாளைப் பூ வியாபாரி ஒருவருக்கு, அன்றன்றைய விலையை விடியுமுன் கேரளத்து வாடிக்கையாளர்களுக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும் நிரல் செய்து கொடுத்திருந்தேன். செய்தியைக் கொண்டுசேர்ப்பது வேறொரு கம்பெனி; அவர்களுடைய ஏபிஐயைத்தான் என் நிரல் கூப்பிடும். ஓணத்துக்கு முந்தின வாரம், கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக எல்லை தாண்டும் நேரம். அதிகாலை நான்கு மணிக்கு அண்ணாச்சி அழைத்தார்: "மக்களே, திருவனந்தபுரத்தில் ஒருவருக்கும் விலை வரவில்லை என்கிறார்களே?"

பதிவுக் கோப்பைத் திறந்தேன். வரிசையாக 200, 200, 200. இணைய வழக்கில் 200 என்றால் எல்லாம் சரி என்று பொருள். முன்பெல்லாம் கோரிக்கையில் கோளாறு இருந்தால் 400 வரும். என் நிரல் உடனே எனக்கு மணியடிக்கும். அன்றிரவு அவர்கள் புதிதாக ஒரு விவரத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அது இல்லாததால் அத்தனை செய்தியும் தள்ளுபடி. தள்ளியதைச் சொன்ன விதம்தான் கொடுமை: வெளியே 200, உள்ளே ஒரு மூலையில் 'தோல்வி'. கருமாதிப் பத்திரிகையைக் கல்யாணக் கவரில் போட்டு அனுப்பியதுபோல.

கேட்டதற்கு, "ஏபிஐயை எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லும் ஆவணத்தில் மாற்றிவிட்டோமே சார்" என்றார்கள். ஆவணத்தைத் தினமும் காலையில் எடுத்துப் படிக்க அது என்ன தினசரியா?

வழி இல்லாமல் இல்லை. இணையப் பணப்பட்டுவாடா கம்பெனியான ஸ்ட்ரைப் தன் ஏபிஐ பதிப்புகளுக்குத் தேதியையே பெயராக வைத்து, பழைய பதிப்பில் இருப்பவரை அப்படியே ஓட விடுகிறது. ஒரு சேவை எந்த நாளோடு நிற்கப்போகிறது என்று ஒவ்வொரு பதிலின் தலைப்புப் பகுதியிலும் (ஹெட்டர்) குறிப்பிடுவதற்கு 'சன்செட்' என்ற வரி 2019லேயே ஆர்எஃப்சி 8594 என்ற இணையத் தொழில்நுட்பக் குறிப்பாக வந்துவிட்டது. மனிதன் படிக்காவிட்டாலும் நிரல் படித்துக்கொள்ளும். ஆனால் 2023 பிப்ரவரியில் இலவச ஏபிஐயை நிறுத்துவதாக ட்விட்டர் அறிவித்தபோது முதலில் கொடுத்த அவகாசம் ஒரே வாரம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்பவர்கூட அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்.

என் பக்கமும் தப்பு உண்டு. அந்தக் கம்பெனியிடம் கொடுத்திருந்த மின்னஞ்சல், என்னிடம் வேலையை விட்டுப்போன பையனுடையது. எச்சரிக்கை ஏதும் வந்திருந்ததா என்று அவனிடம் கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, ஆடித் தள்ளுபடி அறிவிப்பு மட்டும் இருக்கிறது என்றான்.

இப்போது தினமும் மூன்று மணிக்கு என் கைபேசிக்கே ஒரு சோதனைச் செய்தி வரும்படி வைத்திருக்கிறேன். வந்தால் சரி, வராவிட்டால் எழுந்து பார்க்க வேண்டும். வராத செய்தி எப்படி உங்களை எழுப்பும் என்று மனைவி கேட்டாள். கூடவே அலாரமும் வைத்திருக்கிறேன்.